பழைய நேக்கட் பைக் வாங்கப் போகிறீர்களா? நடுத்தர ரக வண்டிகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செகண்ட் ஹேண்டில் 600, 700 சிசி வண்டி தேடுபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. இந்த ரகத்தில் நான் இதுவரை நான்கு வண்டி வாங்கியிருக்கிறேன், நான்கும் பழையவை. நண்பர்களுக்காகக் கூடப் போய்ப் பார்த்த வண்டிகள் அதைவிட நிறைய. பார்த்ததில் பாதிக்கு மேல் வேண்டாம் என்று திரும்பி வந்தவைதான். அதை வைத்து எழுதுகிறேன்.

நடுத்தர நேக்கட் என்றால் எந்த மாதிரி வண்டி?

ஃபேரிங் என்கிற பிளாஸ்டிக் உறை கிடையாது. இன்ஜினும் ஃப்ரேமும் வெளியே தெரியும், ஹேண்டில்பார் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். கொள்ளளவு ஏறக்குறைய 500 முதல் 800 சிசி. பவர் 50 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவில் ஆரம்பித்து 110 வரை போகும். பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்த்து எடை 180 முதல் 230 கிலோ.

பட்ஜெட் இறுக்கமாக இருப்பவருக்கு இந்த ரகம் பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. ஃபேரிங் வைத்த வண்டி நின்ற இடத்தில் சாய்ந்தாலே ஒரு பெரிய பிளாஸ்டிக் பாகம் போய்விடும். இதில் பெரும்பாலும் ஒரு லீவர், ஒரு இண்டிகேட்டர், ஒரு கண்ணாடியோடு முடிந்துவிடும். விழுந்த வண்டியை விழாத வண்டிபோலக் காட்டுவதும் கஷ்டம், மறைக்க உறையே இல்லையே. குறை என்றால் காற்றுதான். 110 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அது நேராக நெஞ்சில் வந்து தள்ளும். நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

கையில் இருக்கும் பணத்தில் வண்டிக்கு எவ்வளவு?

ஐந்தில் நான்கு பங்கு. மீதி ஒரு பங்கைத் தொடாமல் எடுத்து வையுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

என் முதல் பெரிய வண்டிக்கு இருந்த பணம் முழுவதையும் கொடுத்துவிட்டேன். இன்ஜின் அருமையாக இருந்தது, பெயின்ட் பளபளத்தது. மூன்றாவது வாரம் பின் டயரின் நடுவில் உள்ளே இருக்கும் நூல் இழை தெரிந்தது. அதே வாரம் செயினும் துள்ள ஆரம்பித்தது. இரண்டுக்கும் பணம் இல்லை. நல்ல சீசன் நேரத்தில் இரண்டு மாதம் வண்டி மூடி போட்டு நின்றது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்கு நடந்து போனேன்.

ஒரு ஜோடி டயர், செயின் ஸ்ப்ராக்கெட் செட், பிரேக் பேட், ஒரு பேட்டரி. பழைய வண்டியில் இவற்றில் குறைந்தது இரண்டு சீக்கிரமே வேலை வைக்கும். வண்டி மோசம் என்று அர்த்தமில்லை, இவையெல்லாம் தேயும் பொருட்கள். விற்பவர் புதிதாக மாற்றிவிட்டு விற்க மாட்டார், அதுவும் இயல்புதான். ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட் செலவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வண்டி தேடுவதற்கு முன்பே முடிய வேண்டிய செலவு.

எந்த மாடலைத் தேடலாம்?

பணம் குறைவு என்றால் நான் முதலில் சொல்வது இரட்டை சிலிண்டர் வண்டிகளைத்தான். நான்கு சிலிண்டரில் 16 வால்வு, பழையது என்றால் நான்கு கார்புரேட்டர். இரண்டில் எல்லாம் ஏறக்குறைய பாதி, மெக்கானிக் கூலியும் அதற்கேற்பக் குறையும்.

சுசுகி எஸ்வி650 இந்த ரகத்தில் நான் அதிகம் பரிந்துரைத்த வண்டி. 1999இல் வந்தது, 645 சிசி, 90 டிகிரி வி-ட்வின், அதாவது இரண்டு சிலிண்டரும் வி வடிவில் நிற்கும். 2002 வரை கார்புரேட்டர், 2003 முதல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். சரியாக ஆயில் மாற்றி வந்தால் நீண்ட நாள் உழைக்கும் இன்ஜின். ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். முன் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் குழியில் தண்ணீர் வடிவதற்கு ஒரு சின்னத் துளை உண்டு. முன் சக்கரம் வாரி அடிக்கும் சேறு அதை அடைத்துவிட்டால், மழையில் குழிக்குள் தண்ணீர் நின்று வண்டி ஒரே சிலிண்டரில் திக்கித் திக்கி ஓடும். ஒரு மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிட்டால் சரியாகிவிடும். இது தெரியாமல் வண்டியில் பெரிய கோளாறு என்று பயந்து விலை இறக்கி விற்றவர்களும் உண்டு.

யமஹா எம்டி-07 வந்தது 2014இல். 689 சிசி, ஏறக்குறைய 75 குதிரைத்திறன், எடை 180 கிலோ அளவுதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் இருந்தாலும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 270 டிகிரியில் அமைந்திருப்பதால் வி-ட்வின் போலவே துடிக்கும், குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுக்கும். ஆரம்ப கால வண்டிகளில் சஸ்பென்ஷன் மெத்தென்று இருக்கும். கனமானவர்கள் பின் ஷாக் மாற்றும் செலவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப வண்டிகளில் ஏபிஎஸ் இருப்பதும் உண்டு, இல்லாததும் உண்டு. முன் சக்கரத்தில் உள்ள பல் வளையத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கவாசாகி இஆர்-6என், 649 சிசி. 2006இலிருந்து 2016 வரை வந்தது, அதற்கு அடுத்து அந்த இடத்தைப் பிடித்தது இசட்650. அதிகம் பேசப்படாத வண்டி என்பதால் விலை சில சமயம் எஸ்வியைவிடக் குறைவாகவே இருக்கும். சைலன்சர் இன்ஜினுக்கு அடியில் தொங்குவதால் தண்ணீரும் உப்பும் அடித்துத் துரு ஏறும். குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

பவர் முக்கியமில்லை, செலவுதான் முக்கியம் என்றால் 2013இல் வந்த ஹோண்டா சிபி500எஃப். 471 சிசி, 47 குதிரைத்திறன். தாராளமாகப் போதும்.

நான்கு சிலிண்டரின் அந்த இழுப்பும் ஓசையும் வேண்டும் என்பவர்கள் ஹோண்டா ஹார்னெட் 600 பார்க்கலாம். 1998இல் வந்தது. முதல் இரண்டு ஆண்டு வண்டிகளில் முன் சக்கரம் 16 அங்குலம், அதற்குப் பொருந்தும் டயர் வகைகள் குறைவு. 2000 முதல் வந்ததைத் தேடினால் 17 அங்குலம், அந்தத் தொல்லை இல்லை. 2007இல் வந்த புது வடிவத்தில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனும் 100 குதிரைத்திறனும் வந்துவிட்டன. 2007இல் வந்த ட்ரையம்ஃப் ஸ்ட்ரீட் ட்ரிபிள் 675 மூன்று சிலிண்டர், ஓட்ட மிக இனிமையான வண்டி. ஆனால் சர்வீஸ் செலவு ஒரு படி மேலே. டுகாட்டி மான்ஸ்டரின் ஏர் கூல்டு மாடல்களில் டைமிங் பெல்ட் உண்டு. வண்டி ஓடாவிட்டாலும் சில ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆக வேண்டும். மாற்றிய ரசீது இல்லையென்றால் அந்தச் செலவு உங்கள் தலையில் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று சொல்கிறேன். நன்றாக வைத்திருந்த சுமாரான மாடல், மோசமாக வைத்திருந்த அருமையான மாடலைவிட எப்போதும் நல்லது.

எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டி வரை வாங்கலாம்?

எண்ணைவிட ரசீது முக்கியம். 50,000 கிலோமீட்டர் ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் காகிதம் இருந்தால் நான் வாங்குவேன். 15,000 ஓடி ஒரு காகிதமும் இல்லையென்றால் யோசிப்பேன்.

கேட்க வேண்டிய கேள்வி வால்வு கிளியரன்ஸ் (இன்ஜின் வால்வுகளின் இடைவெளி) பார்த்தாயிற்றா என்பது. எஸ்வி650க்கு 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, எம்டி-07க்கு ஏறக்குறைய 40,000க்கு ஒருமுறை. 23,000 ஓடிய எஸ்வி விற்பனைக்கு வருகிறது என்றால் அந்தச் செலவுக்கு முன்பே கைமாற்றப் பார்க்கிறார்கள் என்று ஊகிக்கலாம். தவறில்லை, விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் சொல்வதும் வண்டி சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். கால் வைக்கும் ரப்பர், கியர் லீவரின் முனை, கைப்பிடி, சீட்டின் முன்பக்கம் பாருங்கள். மீட்டரில் 12,000 இருந்து, கியர் லீவர் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் ஏதோ சரியில்லை.

கொஞ்சமாக ஓடி, பல வருடம் சும்மா நின்ற வண்டி நல்லதுதானே?

பெரும்பாலும் இல்லை. நிற்பதும் வண்டிக்குக் கேடுதான். கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகிப் படியும், டேங்க் உள்ளே துருப் பிடிக்கும், ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் குழாய்) சீல் காய்ந்து முதல் மாதமே கசியும், டயர் கல்லாகும். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பெட்ரோலுக்குப் பதில் வார்னிஷ் வாசனை வந்தால் எழுப்பிவிடும் செலவு பெரிது.

வண்டியைப் பார்க்கப் போனதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

இன்ஜினில் கை வையுங்கள். வணக்கம் சொன்ன கையோடு கிளட்ச் கவரைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்க வேண்டும்.

முன்கூட்டியே போனில் "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை காலை ஏழரை மணிக்கு ஒரு வண்டியைப் பார்க்கப் போனேன். இரவு பெய்த பனியில் டேங்க் மீதும் சீட் மீதும் பொட்டுப் பொட்டாக நீர் நின்றது. இன்ஜின் மட்டும் துடைத்த மாதிரி காய்ந்திருந்தது. தொட்டேன், இளஞ்சூடு. கேட்டதற்கு, "சும்மா ஒரு ரவுண்டு" என்றார் விற்பவர். அரை மணி நேரம் அங்கேயே பேசிக்கொண்டு நின்று, ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். மூன்று முறை செல்ஃப் அடித்தும் பிடிக்கவில்லை. பிடித்தபோது சைலன்சரிலிருந்து நீலப் புகை வந்தது.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அது சமாளிக்கக்கூடியது. ஸ்டார்ட் செய்ததும் வரும் வெள்ளை ஆவி நீர்தான், பயப்பட வேண்டாம். ஆனால் இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, கூடவே கூலன்ட் குறைகிறது என்றால் விலகிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் முதல் சில நொடிகள் கேட்கும் சலசலப்பையும் கவனியுங்கள். அது அடங்கினால் சரி. அடங்காமல் ஒரு பக்கத்திலிருந்து தொடர்ந்து வந்தால் டைமிங் செயினோ அதன் டென்ஷனரோ வேலை கேட்கிறது.

விழுந்த வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நின்ற இடத்தில் சாய்ந்தது வேறு, ஓடும்போது விழுந்தது வேறு. முதலாவதில் ஹேண்டில்பார் முனை, லீவர் நுனி, கால் வைக்கும் கம்பி, இன்ஜின் கவர் இவற்றில் ஒரே இடத்தில் அமுங்கிய தழும்பு இருக்கும். இரண்டாவதில் அதே இடங்களில் நீளமான கோடுகள் இழுத்திருக்கும். முதலாவதைப் பொருட்படுத்தாதீர்கள்.

பலர் பார்க்காத ஒரு இடம் உண்டு. ஹேண்டிலை ஒரு பக்கம் முழுவதும் திருப்பினால் முட்டி நிற்கும் அல்லவா, அந்த முட்டும் இடம் ஃப்ரேமின் தலைப்பகுதியில் சின்ன உலோகப் புடைப்பாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் நசுங்கியோ, பெயின்ட் வெடித்தோ, புதிதாக வெல்டு வைத்தோ இருந்தால் முன்பக்கம் பலமாக அடி வாங்கியிருக்கிறது. டேங்கையும் பாருங்கள். ஹேண்டில் வந்து இடித்த குழி இருக்கிறதா?

எம்டி-07, ஸ்ட்ரீட் ட்ரிபிள் மாதிரி முன் சக்கரம் லேசாகத் தூக்கும் வண்டிகளில் வீலிங் செய்தவர்கள் அதிகம். பின் நம்பர் பிளேட் தாங்கி வளைந்திருப்பது, வாலின் அடிப்பகுதி தரையில் உரசிய தடம், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங்) போயிருப்பது, இவை மூன்றும் சேர்ந்து வந்தால் அப்படிப்பட்ட வண்டிதான்.

கோன் செட் பார்ப்பது சுலபம். ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடமும் வலமும் தள்ளுங்கள். வெண்ணெயில் கத்தி போவது மாதிரி போக வேண்டும். நேராக வரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல இருந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது.

டயர், செயின், பிரேக் பற்றி?

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. ஐந்தாறு வருடம் தாண்டிய டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. நடு மட்டும் தேய்ந்து தட்டையாகிவிட்ட பின் டயர் வளைவில் வண்டியைச் சாய்க்கவே விடாது. முன்னும் பின்னும் வேறு வேறு மலிவு டயர் போட்டிருந்தால், மற்ற எல்லாவற்றிலும் அந்த மனிதர் அப்படித்தான் மிச்சம் பிடித்திருப்பார் என்பது என் அனுபவம்.

செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பகுதியில் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செட்டையே மாற்ற வேண்டும். பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் இழுத்துப் பார்க்கவே வேண்டாம்.

ஃபோர்க் குழாயில் விரலைச் சுற்றி ஓட்டுங்கள். எண்ணெய் ஒட்டினால் சீல் போயிருக்கிறது. குழாயில் சொரசொரப்பாகத் துருப் புள்ளி இருந்தால் புது சீலும் நிற்காது. பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்ச தடிமன் எண்ணாகப் பொறித்திருக்கும். விரலால் தடவினால் ஓரத்தில் பெரிய விளிம்பு தட்டுப்படுகிறதா பாருங்கள். பிரேக் ஆயில் காபி நிறத்தில் இருந்தால் பல வருடமாக யாரும் தொடவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது.

எலெக்ட்ரிக்கல் வேலைகளை எப்படிச் சோதிப்பது?

ஒரு மலிவு மல்டிமீட்டர் போதும். இன்ஜின் அணைந்திருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து 4,000 ஆர்பிஎம் கொடுத்தால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். ஏறவே இல்லை, அல்லது 15ஐத் தாண்டுகிறது என்றால் ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பாகம்) மேல்தான் முதல் சந்தேகம். 2000க்குப் பிந்தைய பத்தாண்டின் ஜப்பான் வண்டிகள் பலவற்றுக்கு இது பழகிய வியாதி.

சாவி போட்டதும் இன்ஜின் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதை எரியவிடாமல் செய்திருக்கலாம். ஏபிஎஸ் விளக்கு வண்டி நகர்ந்து கொஞ்ச தூரத்தில் அணைய வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க?

வேகத்தை அல்ல. மூன்றாவது, நான்காவது கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முறுக்குங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டாவது கியரில் நன்றாக இழுத்துப் பாருங்கள், கியர் தானாக வெளியே குதித்தால் அங்கேயே நிறுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கியர்பாக்ஸ் திறக்கும் செலவு இந்த விலை வண்டிக்குத் தாங்காது. சமமான சாலையில் நேராகப் போகும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? முன் பிரேக் பிடிக்கும்போது லீவர் கையில் துடிக்கிறதா?

மாற்று சைலன்சர் போட்ட வண்டி?

கம்பெனி சைலன்சர் கூடவே வருமா என்று கேளுங்கள். வந்தால் நல்லது. வராவிட்டால் வாகனத் தகுதிச் சோதனையில் சத்தம் அதிகம் என்று திருப்பி அனுப்பினால் தனியாகத் தேட வேண்டியிருக்கும்.

காகிதத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

சேஸிஸ் எண் 17 எழுத்து, ஹேண்டில் கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும். அதையும் இன்ஜின் எண்ணையும் ஆவணத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள், விற்பவர் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை. கடன் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸில் முழுச் சேதம் என்று எழுதப்பட்ட வண்டியா என்பதையும் உறுதி செய்யுங்கள்.

இரண்டு சாவியும் இருக்க வேண்டும். இம்மொபிலைசர் (பதிவான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) உள்ள பல யமஹா வண்டிகளில் சிவப்புத் தலை கொண்ட ஒரு சாவி கூடுதலாக வரும். புது சாவியைப் பதிவு செய்ய அதுதான் வேண்டும். தொலைந்திருந்தால் அதையும் விலையில் பேசுங்கள்.

விலை எப்படிப் பேசுவது?

பார்த்த குறைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவைப் பக்கத்தில் போட்டு, அந்தத் தாளையே விற்பவரிடம் காட்டுங்கள். "கடைசி விலை என்ன" என்று கேட்பதைவிட இது மரியாதையானது, பலனும் அதிகம். வண்டியைக் குறை சொல்லி அவர் மனதை நோகடிக்க வேண்டியதில்லை. ஆசையாக வைத்திருந்தவர் என்றால் நல்ல கைக்குப் போகிறது என்ற திருப்திக்கே கொஞ்சம் இறங்கி வருவார். அப்படி எனக்கு ஒருவர் டேங்க் பேக், வொர்க்‌ஷாப் மேனுவல், பாடாக் ஸ்டாண்டு (சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தாங்கி) எல்லாம் சும்மாவே கொடுத்தார்.

பார்த்த அன்றே முழுப் பணமும் வேண்டும், இன்னொருவர் வழியில் வந்துகொண்டிருக்கிறார் என்று நெருக்கினால் அந்த இன்னொருவரே வாங்கிக்கொள்ளட்டும்.

முதல் வண்டியாக இதை வாங்கலாமா?

100 குதிரைத்திறன் உள்ள நான்கு சிலிண்டர் வேண்டாம். சிபி500எஃப் சரி, எஸ்வியும் இஆர்-6என்னும் நிதானமானவர் கையில் சரி. அதிக வயது இல்லாத, ஏபிஎஸ் உள்ள வண்டியாகப் பாருங்கள்.

வாங்கிய முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

நேற்றுதான் மாற்றினேன் என்று விற்பவர் சொன்னாலும் இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். வடியும் ஆயிலை வெளிச்சத்தில் பாருங்கள், மினுமினுப்பான உலோகத் தூள் இருக்கக் கூடாது. பிரேக் ஆயில், கூலன்ட், ஏர் ஃபில்டர் அதே வாரத்தில். டயர் காற்றை மேனுவல் சொல்லும் அளவில் வையுங்கள், செயினுக்குத் தளர்ச்சி சரிபார்த்து எண்ணெய் போடுங்கள். எடுத்து வைத்த அந்த ஐந்தில் ஒரு பங்கு இங்கேதான் போகும். முதல் 100 கிலோமீட்டரை வீட்டைச் சுற்றியே ஓட்டி, திரும்பி வந்ததும் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். மறுநாள் காலை அட்டையில் பொட்டு எதுவும் இல்லையென்றால் தூரப் பயணத்துக்குப் பையைக் கட்டலாம்.